கருமணல் முதல் ஆதிப் புவி வரை: சிர்க்கான் துகளைப் படிக்க முழுமையான வழிகாட்டி

கன்னியாகுமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சிக் கரையில் ஒரு பிடி கருமணலை அள்ளி வந்து, "இதன் வயது என்ன?" என்று கேட்கும் மாணவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். அந்தக் கேள்விக்கு விடை கிடையாது. அந்தப் பிடிக்குள் ஆயிரக்கணக்கான துகள்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி வயது. அவற்றில் வயது கணிக்க உதவுவது, யுரேனியத்தை உள்ளே வைத்திருக்கும் சிர்க்கான் என்ற கனிமம். ஒரே சிர்க்கான் துகளின் நடுவுக்கு ஒரு வயதும் ஓரத்துக்கு இன்னொரு வயதும் இருப்பது இந்த மாவட்டத்தில் மிகச் சாதாரணம்.

அதனால் இந்த வேலையில் வரிசைதான் எல்லாம். முதலில் இடம், அடுத்து துகள், அடுத்து துகளுக்குள் புள்ளி, கடைசியில்தான் எண். ஒரு படியைத் தாண்டிக் குதித்தால் எண் கிடைக்கும். அது எதன் வயது என்பது மட்டும் தெரியாது.

ஒன்றை முன்பே சொல்லிவிடுகிறேன். 440 கோடி ஆண்டு பழைய துகள் நம் கரையில் கிடைக்கும் என்று எண்ணி இறங்க வேண்டாம். ஆதிப் புவியைப் பற்றிப் பேசும் புகழ்பெற்ற துகள்கள் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் மலைப் பகுதியில் கிடைத்தவை. ஆனால் அவற்றைப் படிக்கும் முறையும் நம் துகள்களைப் படிக்கும் முறையும் ஒன்றே. கையில் இருப்பதை வைத்துப் பழகியவருக்குத்தான் அந்த ஆய்வுகள் பிடிபடும்.

1. அனுமதியும் பாதுகாப்பும் முதலில்

நம் கருமணலில் இல்மனைட், கார்னெட், ரூட்டைல், சில்லிமனைட், சிர்க்கான் ஆகிய கனிமங்களோடு மோனசைட்டும் இருக்கிறது. மோனசைட்டில் தோரியம் உண்டு. 1962ஆம் ஆண்டின் அணுசக்திச் சட்டத்தின் கீழ் அது கட்டுப்பாட்டுக்குரிய பொருள். ஆகவே தனி ஆளாகப் பையில் அள்ளி வர வேண்டாம். கல்லூரித் துறை வழியாக, எவ்வளவு, எதற்கு என்று எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குங்கள். இருநூறு கிராம் போதும்.

அனுமதி கிடைக்காவிட்டால் எம்-சாண்ட் இருக்கிறது. நம் மலைகளின் சார்னகைட், நைஸ் பாறைகளை உடைத்து வரும் தூளிலும் சிர்க்கான் உண்டு, அளவுதான் குறைவு. சில கிலோ அரிக்க வேண்டியிருக்கும். எந்தக் குவாரியின் கல் என்று லாரிக்காரரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒரே பாறையிலிருந்து வந்த துகள் என்பதால், விளக்கம் சொல்லும்போது கடல் மணலைவிட இதுவே எளிது.

தோரியம் வெளியிடும் ஆல்ஃபா துகள்கள் தோலைத் தாண்டுவதில்லை. தூசியாக மூச்சில் போவதே பெரிய கேடு. அதனால் முடிந்தவரை ஈரத்திலேயே வேலை செய்யுங்கள். உலர்ந்த மணலைத் தொடும்போது முகக்கவசம் அணியுங்கள். முடித்ததும் கை கழுவி, மணலை மூடியுள்ள கண்ணாடிக் குப்பியில் பெயரெழுதி வையுங்கள். படுக்கை அறையில் வைக்க வேண்டாம்.

2. கையில் இருக்க வேண்டியவை

மிக நுண்ணிய சல்லடைகள் இரண்டு, அரிசியில் கல் அரிக்கும் சட்டி ஒன்று, வினிகர், பாத்திரம் தேய்க்கும் சோப்புத் திரவம், வலுவான நியோடிமியம் காந்தம், மெல்லிய பாலித்தீன் உறை, நாற்பது மடங்கு பெரிதாக்கும் நுண்ணோக்கி, கிராம்பு எண்ணெய் ஒரு சிறு புட்டி. ஒரு குறிப்பேடும் வேண்டும். புதியவர்கள் விட்டுவிட்டு வருவது பெரும்பாலும் இந்தக் குறிப்பேட்டைத்தான்.

3. மணலை எடுக்கும் முறை

அலை ஏறும்போது எல்லாத் துகளையும் தூக்கி வருகிறது. இறங்கும்போது நீரின் வேகம் குறைவு. வெளிர் மணலின் முக்கியக் கனிமமான லேசான குவார்ட்ஸை இழுத்துக்கொண்டு, கனமானவற்றை விட்டுச் செல்கிறது. ஆனி, ஆடிக் கடல் சீற்றத்தில் இது மேலும் தீவிரமாகும். சின்னவிளை, கடியப்பட்டணம் பக்கம் வெளிர் மணல் அரிக்கப்பட்டுக் கரும்பட்டைகள் தெரிவது அப்போதுதான்.

ஒரு முழ ஆழத்துக்குச் சிறு பள்ளம் தோண்டி அதன் சுவரைப் பாருங்கள். கருப்பும் வெளுப்புமாக அடுக்குகள் தெரியும். ஒரே ஓர் அடுக்கிலிருந்து கரண்டியால் சுரண்டி எடுங்கள். மேலிருந்து கீழாக வாரி எடுப்பதுதான் இங்கே நடக்கும் தவறு. ஒவ்வோர் அடுக்கும் ஒரு சீற்றத்தின் பதிவு. கலந்துவிட்டால் பிரிக்க வழியில்லை.

இடம், தேதி, அலைக்கோட்டிலிருந்து தூரம், அடுக்கின் ஆழம், அருகில் கலக்கும் ஆறு ஆகியவற்றை அங்கேயே நின்று எழுதுங்கள். கடியப்பட்டணம் அருகே வள்ளியாறு கலக்கிறது. எந்த ஆறு எந்த மலையிலிருந்து துகளைக் கொண்டுவந்திருக்கலாம் என்ற கேள்வி பின்னால் வரும்.

கன்னியாகுமரிக் கடைகளில் பொட்டலமாக விற்கும் பல நிற மணல் இந்த வேலைக்கு உதவாது. எங்கே எடுத்தது, எதோடு எதைச் சேர்த்தது என்பதற்குப் பதிவு கிடையாது.

4. கழுவு, சலி, அதன் பிறகே அரி

நல்ல தண்ணீரில் மூன்று முறை கழுவுங்கள். உப்பு தங்கினால் உலர்ந்ததும் துகள்களை ஒட்டவைக்கும். நுண்ணோக்கியில் உப்புப் படிகமே தெளிந்த சிர்க்கான்போல ஏமாற்றும். பிறகு வினிகரில் ஓர் இரவு ஊறவைத்தால் சிப்பித் துண்டுகள் கரையும்.

அடுத்து சலிப்பு. இதைத்தான் பலரும் தாண்டிவிடுகிறார்கள். சிர்க்கானின் அடர்த்தி சுமார் 4.6, குவார்ட்ஸின் அடர்த்தி 2.65. அப்படியானால் நீரிலேயே பிரிந்துவிடுமே என்று தோன்றும். ஆனால் சிறிய சிர்க்கானும் பெரிய குவார்ட்ஸும் நீரில் ஒரே வேகத்தில் இறங்கும். சலிக்காமல் அரித்தால், நமக்கு வேண்டிய சிறு துகள்கள் பெரிய குவார்ட்ஸோடு சேர்ந்தே வெளியே போகும். ஒரே அளவுத் துகள்களாக்கிய பிறகுதான் எடை வேறுபாடு வேலை செய்யும்.

இப்போது சட்டி. அரிசி அரிக்கும்போது அடியில் மிஞ்சும் கல்லை எறிவோம். இங்கே மிஞ்சுவதுதான் வேண்டும். தண்ணீரில் ஒரு சொட்டு சோப்புத் திரவம் விடுங்கள். விடாவிட்டால் நுண்துகள்கள் நீர்ப்பரப்பில் மிதந்து வழிந்துவிடும். வழியும் நீரை இன்னொரு வாளியில் பிடித்துவைத்து மறுபடி ஒருமுறை அரியுங்கள். முதல் நாளில் பாதிச் சிர்க்கான் அந்த வாளியில்தான் இருக்கும்.

ஒரு மாதிரி முடிந்து அடுத்ததைத் தொடும் முன் சல்லடையையும் சட்டியையும் தூரிகையால் தேய்த்துக் கழுவ வேண்டும். முந்தைய இடத்தின் ஒரே ஒரு துகள் கலந்தாலும், இல்லாத ஒரு மலையின் வயது நம் பட்டியலில் ஏறிவிடும்.

5. காந்தம்

இல்மனைட்டின் அடர்த்தி சுமார் 4.7. சிர்க்கானுக்கு இவ்வளவு நெருக்கமாக இருப்பதால் சட்டியால் இரண்டையும் பிரிக்க முடியாது. ஆனால் இல்மனைட்டைக் காந்தம் இழுக்கும், சிர்க்கானை இழுக்காது.

உலர்ந்த மணலை வெள்ளைத் தாளில் ஒற்றைப் படலமாகப் பரப்புங்கள். காந்தத்தை உறைக்குள் வைத்து, முதலில் உயரத்தில் நகர்த்துங்கள்: மேக்னடைட் ஏறும். சற்றுத் தாழ்த்தினால் இல்மனைட். தாளை உரசும் அளவுக்கு வந்தால் கார்னெட்டில் ஒரு பங்கு. குவியலாக வைத்துக் காந்தத்தை உள்ளே விடாதீர்கள். இழுபடும் துகள்களின் இடையில் சிர்க்கானும் சிக்கி மேலே போய்விடும். உறை இல்லாமல் தொட்டால் காந்தத்தைச் சுத்தம் செய்வதற்கே அன்றைய பொழுது போகும்.

மோனசைட் மெல்லிய காந்தத்தன்மை கொண்டது. கைக்காந்தத்துக்கு அது பெரும்பாலும் வராது. அதைப் பிரிக்கத் துறை ஆய்வகத்தின் மின்காந்தப் பிரிப்பான் வேண்டும்.

6. கிராம்பு எண்ணெயில் துகளை அறிதல்

மிஞ்சிய துகள்களைக் கண்ணாடிச் சில்லில் வைத்து ஒரு சொட்டுக் கிராம்பு எண்ணெய் விடுங்கள். எண்ணெயின் ஒளிவிலகல் எண் சுமார் 1.53, குவார்ட்ஸுடையது 1.54. இரண்டும் ஏறக்குறைய ஒன்று என்பதால் குவார்ட்ஸ் கண்ணுக்கு மறைந்தே போகும். சிர்க்கானுக்கு அந்த எண் 1.9க்கு மேல். தடித்த கரிய விளிம்போடு அது துள்ளி நிற்கும். மாறாமலைக் கிராம்பு விளையும் மாவட்டத்தில் இந்த எண்ணெய்க்குப் பஞ்சமில்லை. முதல்முறை குவார்ட்ஸ் மறைவதைப் பார்க்கும் மாணவரின் முகத்துக்காகவே இந்தப் படியை நான் விடுவதில்லை.

சிர்க்கான் பெரும்பாலும் நிறமற்றது அல்லது வெளிர்நிறம். பட்டகம்போல் நீண்டு, முனைகளில் கூம்பும். பல துகள்களில் கூம்பு தேய்ந்து உருண்டிருக்கும். மோனசைட் தேன் மஞ்சளில் முட்டைபோல் இருக்கும். ரூட்டைல் கருஞ்சிவப்பு. சில்லிமனைட் நிறமற்ற நீள்துகள் என்பதால் குழப்பும். ஆனால் அதன் விளிம்பு சிர்க்கானுடையதைப்போல் தடித்துத் தெரியாது.

சிர்க்கான் புற ஊதாக் கதிரில் மஞ்சளாக ஒளிரும் என்று படித்துவிட்டு, கள்ள நோட்டுப் பார்க்கும் விளக்கை வாங்கி வருபவர்கள் உண்டு. இதற்குக் குறுகிய அலைநீள விளக்கு வேண்டும். அது கண்ணுக்கும் தோலுக்கும் கெடுதி என்பதால் ஆய்வகத்தில் கண்ணாடி அணிந்தே பயன்படுத்த வேண்டும்.

பொறுக்கும்போது அழகான தெளிந்த துகள்களை மட்டும் எடுக்காதீர்கள். யுரேனியம் மிகுந்த துகள்கள் தம் கதிரியக்கத்தாலேயே சிதைந்து மங்கியிருக்கும். அவற்றை ஒதுக்கினால் ஒரு பாறை வகையே பட்டியலிலிருந்து விழலாம். எத்தனை துகள் வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு: மணலில் 5 விழுக்காடு இருக்கும் ஒரு வகையில் ஒரு துகளாவது கையில் அகப்பட, 95 விழுக்காடு உறுதி வேண்டுமானால், குறைந்தது 59 துகள்களைக் குருட்டாம்போக்கில் எடுக்க வேண்டும். பத்துத் துகள்களை வைத்துக்கொண்டு "பழையது இல்லை" என்று எழுதக் கூடாது.

7. பதித்தல், தேய்த்தல், படமெடுத்தல்

இனி ஆய்வக வேலை. துகள்களை எபாக்சிப் பிசினில் பதித்து, நடுப்பகுதி வெளியே தெரியும் வரை தேய்க்க வேண்டும். சிர்க்கான் வெங்காயம்போல் உள்ளிருந்து வெளியே வளர்கிறது. பழைய பகுதி நடுவில் ஒளிந்திருக்கும். குறைவாகத் தேய்த்தால் ஓரத்தையே அளப்போம். அதிகம் தேய்த்தால் துகளே போய்விடும்.

எதைக் கொண்டு தேய்த்தோம் என்பதைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். 2007இல் ஜாக் மலைத் துகள்களுக்குள் வைரம் இருப்பதாக ஒரு கட்டுரை வந்தது. ஆதிப் புவியின் ஆழத்தைப் பற்றிப் பெரிய முடிவுகள் அதன் மேல் எழுந்தன. 2014இல் வெளியான மறு ஆய்வு, அந்த வைரம் தேய்க்கப் பயன்பட்ட வைரப் பசையிலிருந்து விரிசல்களுக்குள் புகுந்தது என்று காட்டியது. இந்தப் படியில் அலட்சியம் காட்டும் எவருக்கும் இந்த ஒன்றைத்தான் சொல்வேன்.

தேய்த்த பரப்பின் மேல் மின்னணுக் கற்றை பட்டால் சிர்க்கான் ஒளிரும். அந்தப் படத்தில் மரத்தின் வளையங்கள்போல வளர்ச்சிக் கோடுகள் தெரியும். மெல்லிய, நெருங்கிய கோடுகள் பாறைக்குழம்பில் வளர்ந்ததற்கு அடையாளம். அந்தக் கோடுகளை வெட்டிக்கொண்டு, கோடே இல்லாமல் ஓர் ஓரம் சுற்றியிருந்தால், அது பெரும்பாலும் பிற்கால வெப்பத்தில் படிந்தது. படம் இல்லாமல் வயது அளக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். கற்றை நடுவையும் ஓரத்தையும் சேர்த்துத் தொட்டால், எந்தக் காலத்துக்கும் சொந்தமில்லாத ஒரு சராசரி எண் வரும்.

8. எதை முதலில் அளப்பது

ஆக்சிஜன் ஐசோடோப்பு, அதாவது எடை வேறுபட்ட ஆக்சிஜன் அணுக்களின் விகிதம், முதலில். யுரேனியம், ஈயம் அளக்கும் அயனி நுண்ணாய்வுக் கருவி, ஆக்சிஜன் கற்றையைத் துகளின் மேல் பாய்ச்சுகிறது. அந்த ஆக்சிஜன் பரப்பில் பதிந்துவிடும். பிறகு ஆக்சிஜனை அளந்தால் துகளுடையது எது, கற்றையுடையது எது என்று சொல்ல முடியாது. வரிசை மாறிவிட்டால் மறுபடி தேய்த்துத்தான் தொடங்க வேண்டும்.

இரண்டாவது யுரேனியம், ஈயம். லேசர் கொண்டு ஹாஃப்னியம் என்ற தனிமத்தை அளப்பது கடைசி. அது ஆழமான குழியைத் தோண்டிவிடும், அதற்குப் பிறகு அந்த இடத்தில் ஒன்றும் மிஞ்சாது. மூன்றும் ஒரே வளர்ச்சி வளையத்தில் விழ வேண்டும்.

9. இரண்டு கடிகாரங்களின் கணக்கு

சிர்க்கான் உருவாகும்போது யுரேனியத்தை ஏற்கிறது, ஈயத்தைக் கிட்டத்தட்ட முழுவதும் மறுக்கிறது. ஆகவே இன்று உள்ளே இருக்கும் ஈயம் பெரும்பாலும் யுரேனியம் சிதைந்து வந்தது. யுரேனியம்-238 சிதைந்து ஈயம்-206 ஆகிறது. பாதியாகக் குறைய 446.8 கோடி ஆண்டு. யுரேனியம்-235 சிதைந்து ஈயம்-207 ஆகிறது, அதற்கு 70.4 கோடி ஆண்டு. ஒரே துகளுக்குள் வெவ்வேறு வேகத்தில் ஓடும் இரண்டு கடிகாரங்கள்.

கணக்கை ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள். ஈயம்-206ஐ யுரேனியம்-238ஆல் வகுத்து, ஒன்றைக் கூட்டி, இயற்கை மடக்கை எடுத்து, 0.00155125ஆல் வகுத்தால் வயது கோடி ஆண்டுகளில் வரும். விகிதம் 0.364 என்றால் 200 கோடி. இரண்டாவது கடிகாரத்துக்கு வகுக்கும் எண் 0.0098485. விகிதம் 6.17 என்றால் அதுவும் 200 கோடி. இரண்டும் ஒத்துப்போகின்றன, இந்தத் துகளை நம்பலாம்.

இனி அதே துகள் அண்மையில் தன் ஈயத்தில் ஒரு பகுதியை இழந்ததாகக் கொள்வோம். விகிதங்கள் 0.30, 5.09 என்று குறைகின்றன. முதல் கடிகாரம் 169 கோடி என்கிறது, இரண்டாவது சுமார் 183 கோடி என்கிறது. இரண்டும் தவறு. ஆனால் இரண்டு ஈயங்களும் ஒரே பங்கில் வெளியேறியதால், அவற்றுக்கு இடையிலான விகிதம் மாறவில்லை; அதிலிருந்து மறுபடி 200 கோடியே வரும். மிகப் பழைய துகள்களுக்கு ஈயம்-207, ஈயம்-206 விகிதத்தை நம்புவது இதனால்தான். பழங்காலத்தில் ஒருமுறை ஈயம் வெளியேறியிருந்தால் இந்த எளிய வழி பலிக்காது. பல புள்ளிகளின் இரு விகிதங்களையும் வரைபடத்தில் குறித்து, அவை அமையும் நேர்கோடு, இரண்டு கடிகாரங்களும் ஒத்துப்போகும் வளைகோட்டை எங்கே வெட்டுகிறது என்று பார்க்க வேண்டும்.

ஒற்றைக் கடிகாரத்தின் எண்ணை மட்டும் எழுதி வரும் பயிற்சி ஏடுகளை நான் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.

10. நம் துகள்கள் சொல்வது

நாகர்கோவிலைச் சுற்றியுள்ள சார்னகைட் பாறைகளின் சிர்க்கானில் நடுப்பகுதி சுமார் 200 கோடி ஆண்டு அளவில் வருகிறது. ஓரங்கள் சுமார் 55 கோடி. நடு, பாறைக்குழம்பு உறைந்த காலம். ஓரம், கோண்டுவானா பெருங்கண்டம் ஒன்றுகூடியபோது, இலங்கையும் மடகாஸ்கரும் நமக்குப் பக்கத்தில் இருந்த நாட்களில், இந்தப் பாறைகள் ஆழத்தில் மீண்டும் வெந்த காலம்.

இந்த இரண்டு எண்களும் கரை உருவான காலத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. மணவாளக்குறிச்சிக் கருமணல் பட்டை போன ஆடியில் படிந்ததாக இருக்கலாம். துகளின் வயதைப் படிவின் வயது என்று எழுதுவதுதான் தேர்வுத்தாளில் நான் மிக அதிகம் திருத்தும் பிழை.

11. அதே கேள்விகளோடு ஜாக் மலைக்கு

ஜாக் மலையின் பழைய துகள்கள் கிடக்கும் கூழாங்கல் பாறை, சுமார் 300 கோடி ஆண்டுக்கு முன் படிந்தது. அதற்குள் 400 கோடியைத் தாண்டிய துகள்கள் உண்டு. அவை பிறந்த பாறைகள் எங்கும் மிஞ்சவில்லை. நம் கருமணலை, மலைகளெல்லாம் மறைந்த பிறகு ஒருவர் எடுத்துப் படிப்பதுபோன்ற நிலை அது.

2001இல் ஒரு துகளின் ஒரு பகுதி 440.4 கோடி ஆண்டு என்று அறிவிக்கப்பட்டது. பூமியின் வயது சுமார் 454 கோடி. அப்படியொரு துகளில், மிஞ்சிய ஒவ்வொரு 100 யுரேனியம்-238 அணுவுக்கும் ஏறக்குறைய 98 ஈயம்-206 அணுக்கள் இருக்கும். உடனே எழுந்த ஐயம் நியாயமானது: ஈயம் துகளுக்குள்ளேயே நகர்ந்து ஓரிடத்தில் குவிந்து, வயதைக் கூட்டிக் காட்டுகிறதா? 2014இல் வேறொரு துகளை அணு அணுவாக எண்ணும் கருவியில் வைத்துப் பார்த்தார்கள். ஈயம் மிக நுண்ணிய கொத்துகளாகச் சேர்ந்திருந்தது உண்மை. ஆனால் அந்தக் கொத்துகள் அளவிடும் புள்ளியைவிடப் பல மடங்கு சிறியவை, வயதை மாற்றவில்லை. அந்தத் துகளின் வயது 437.4 கோடி என்பது உறுதியானது.

ஆக்சிஜன் சொல்வது இன்னும் பெரிது. புவியின் இடையடுக்கிலிருந்து நேராக வந்த குழம்பில் வளர்ந்த சிர்க்கானில், ஆக்சிஜன்-18இன் அளவு, கடல்நீரோடு ஒப்பிட ஆயிரத்துக்கு 5.3 அளவு மிகுந்திருக்கும். ஜாக் மலையின் சில துகள்களில் அது 7ஐத் தாண்டுகிறது. மேற்பரப்புக்கு அருகே, குறைந்த வெப்பத்தில், நீரோடு கலந்து மாறிய பாறை மீண்டும் உருகினால்தான் அந்த எண் வரும். ஆக, 430 கோடி ஆண்டுக்கு முன்பே திரவ நீர் இருந்திருக்கிறது. முழுவதும் எரிகுழம்பாகக் கொதித்துக் கிடந்த பூமி என்ற படம் இங்கே உடைகிறது. என்னை இந்தத் துகள்களோடு கட்டிப்போட்டது இந்த ஒரு முடிவுதான். ஆனாலும் அளந்த புள்ளி விரிசலிலோ சிதைந்த பகுதியிலோ விழவில்லை என்று படத்தில் பார்த்த பிறகே இதை ஏற்க வேண்டும். பிற்கால நீர் அந்த வழியாகப் புகுந்து எண்ணை மாற்றும்.

2005இல் டைட்டானியத்தின் அளவைக் கொண்டு, இத்துகள்கள் சுமார் 700 பாகை செல்சியசில் வளர்ந்தன என்று கணித்தார்கள். நீர் கலந்த கிரானைட் குழம்புக்கு இது பொருந்தும். வேறு வகைக் குழம்புகளும் கடைசிக் கட்டத்தில் இதே வெப்பத்துக்கு வரக்கூடும் என்பதால், இதை ஆக்சிஜனுக்குத் துணையாகவே நான் கற்பிக்கிறேன்.

2015இல் 410 கோடி ஆண்டுத் துகள் ஒன்றுக்குள் விரிசல் எட்டாத இடத்தில் கிராஃபைட் கண்டார்கள். அதன் கரிம ஐசோடோப்பு விகிதம் உயிரினங்கள் விட்டுச்செல்வதை ஒத்திருந்தது. உயிரில்லாத வேதிவினையும் அதைத் தரக்கூடும். இது ஒற்றைத் துகள். 59 துகள் கணக்கை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்தியாவிலும் வழி திறந்திருக்கிறது. ஒடிசாவின் சம்புவா பகுதியில், சிங்பூம் நிலத்தொகுதியின் பழைய பாறைக்குள் சுமார் 420 கோடி ஆண்டுச் சிர்க்கான் கிடைத்ததை 2018இல் வெளியிட்டார்கள். பாறையைவிடத் துகள் பழையது. பழைய நிலத்திலிருந்து குழம்பு எடுத்துவந்தது. அந்த ஆய்வைத் திறக்கும்போது துகள்களின் படங்களை முதலில் பாருங்கள். ஒவ்வொன்றிலும் புள்ளி நடுவில் விழுந்திருக்கிறதா, ஓரத்தில் விழுந்திருக்கிறதா என்று பென்சிலால் குறித்துக்கொண்டு, பிறகு வயதுப் பட்டியலுக்குப் போங்கள்.